ஹவல்ஸோட ஹிம்னஸ் பாரடைசி: பிள்ளையைப் பறிகொடுத்தவங்களுக்கு இதைக் கேக்கக் குடுக்கலாமா?

கேட்டிருக்கறது இதுதான்: அக்காவோட பையன் போன வருஷம் தவறிட்டான், சின்ன வயசு. இங்கிலாந்துல இருக்கற ஒரு நண்பர் ஹெர்பர்ட் ஹவல்ஸ்ங்கற இங்கிலீஷ் இசையமைப்பாளரோட ஹிம்னஸ் பாரடைசி ரெக்கார்டிங்கை அனுப்பி, அக்காவைக் கேக்கச் சொல்லுங்க, ஆறுதலா இருக்கும்னு சொல்லியிருக்கார். முக்கால் மணி நேரம் கோரஸும் ஆர்கெஸ்ட்ராவுமா போகுது, நான் கேக்கறது கர்நாடக சங்கீதம்தான், ஒண்ணும் பிடிபடலை, இது நிஜமாவே ஆறுதல் தர்ற இசைதானா, அக்காகிட்ட குடுக்கலாமா.

முதல்ல அக்காவுக்கு என் ஆழ்ந்த வருத்தத்தைச் சொல்லுங்க. நான் வருஷக்கணக்கா சர்ச் கொயர்ல டெனர், அதாவது ஆண்கள்ல உயர்ந்த குரல், பாடறவன், ஹவல்ஸோட சின்னச் சின்ன ஆந்தம், கொயர் பாடற சர்ச் பாட்டு, எல்லாம் பாடியிருக்கேன், இந்தப் பெரிய படைப்பை மேடையில பாடற வாய்ப்பு கிடைக்கலை ஆனா ஸ்கோரை (அச்சடிச்ச இசைக்குறிப்பு) வெச்சுக்கிட்டு நிறைய தடவை உக்காந்து கேட்டிருக்கேன். என் பதில், குடுக்கலாம், ஆனா முழுசையும் ஒரே மூச்சுல குடுக்காதீங்க, அதோட பின்னாடி இருக்கற கதையைச் சொல்லாமலும் குடுக்காதீங்க. ஏன்னு கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

ஹவல்ஸ் 1892ல இங்கிலாந்தோட மேற்குப் பக்கம் க்ளாஸ்டர்ஷயர்ல லிட்னிங்கற சின்ன ஊர்ல பிறந்தவர். அப்பா கட்டட வேலை செஞ்சவர், தொழில்ல நொடிச்சுப் போய் திவாலானவர். பையன் க்ளாஸ்டர் கதீட்ரல்ல ஆர்கனிஸ்ட்கிட்ட கத்துக்கிட்டு அப்புறம் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக் போனார், பின்னாடி அங்கயே பல வருஷம் வாத்தியாராவும் இருந்தார். 1915 வாக்குல தைராய்டு சம்பந்தப்பட்ட கிரேவ்ஸ் நோய் வந்து ஆறு மாசம்தான் இருப்பார்னு டாக்டருங்க சொல்லிட்டாங்க, அந்தக் காலத்துல புதுசா இருந்த ரேடியம் ஊசி போட்டுப் பாத்தாங்க, பிழைச்சுக்கிட்டார், பிழைச்சது மட்டுமில்ல 1983 வரைக்கும் 90 வயசு வாழ்ந்தார். 1920ல டாரதியைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார், ரெண்டு குழந்தைங்க, மூத்தவ அர்சுலா, இளையவன் மைக்கேல்.

1935 செப்டம்பர்ல குடும்பத்தோட க்ளாஸ்டர்ஷயருக்கு லீவுக்குப் போயிருந்தாங்க. அங்க மைக்கேலுக்கு திடீர்னு உடம்பு முடியாம போச்சு, போலியோ. லண்டனுக்குக் கொண்டு போனாங்க, ஒண்ணும் பண்ண முடியலை, செப்டம்பர் 6ஆம் தேதி பையன் போயிட்டான். வயசு ஒன்பது. போலியோவுக்கு சால்க் கண்டுபிடிச்ச தடுப்பூசி ஜனங்க கைக்கு வந்தது 1955ல, அதாவது அதுக்கு இருபது வருஷம் கழிச்சு. அந்தத் தலைமுறையில எத்தனையோ வீட்டுல இப்படி ரெண்டு மூணு நாள்ல எல்லாம் முடிஞ்சு போயிருக்கு. பையனை க்ளாஸ்டர் பக்கத்துல ட்விக்வொர்த்ங்கற கிராமத்து சர்ச் தோட்டத்துல அடக்கம் பண்ணாங்க, ஹவல்ஸும் டாரதியும் கல்யாணம் பண்ணிக்கிட்ட அதே சர்ச்.

அதுக்கப்புறம் மனுஷனால எழுத முடியலை. பொண்ணு அர்சுலாவுக்கு அப்ப பதிமூணு வயசு கிட்ட இருக்கும் (பின்னாடி பேர் சொல்லும்படியான நடிகை ஆனாங்க), அவங்கதான் அப்பாகிட்ட மைக்கேலுக்காக ஏதாவது எழுதுங்கன்னு சொன்னது. அம்மா அப்பா ரெண்டு பேரும் இடிஞ்சு போயிருக்கற வீட்டுல தம்பியை இழந்த சின்னப் பொண்ணுக்கு அப்பாவைப் பாத்து இதைச் சொல்லத் தோணியிருக்குன்னா, அவ மனசு எப்படி இருந்திருக்கும்னு நான் பல தடவை யோசிச்சிருக்கேன். அவர் எழுத ஆரம்பிச்சார், 1938ல முடிச்சார். முடிச்சுட்டு யாருக்கும் பெருசா காட்டலை, பாட விடலை, உள்ள வெச்சுட்டார். கிட்டத்தட்ட ரகசியமான ஒரு சொந்த ஆவணம் மாதிரின்னு அவரே அதைப் பத்திச் சொல்லியிருக்கார். பன்னெண்டு வருஷம் அப்படியே கிடந்தது.

வெளிய வந்தது 1950ல. க்ளாஸ்டர், வூஸ்டர், ஹெரிஃபோர்ட்னு மூணு கதீட்ரல் ஊரும் மாத்தி மாத்தி நடத்தற த்ரீ கொயர்ஸ் ஃபெஸ்டிவல்னு ஒண்ணு இருக்கு, முன்னூறு வருஷத்துக்கு மேல பழசு, அந்த வருஷம் க்ளாஸ்டரோட முறை. அங்க ஆர்கனிஸ்டா இருந்த ஹெர்பர்ட் சம்ஷன், அப்புறம் அந்தக் காலத்துப் பெரிய இசையமைப்பாளர் வாகன் வில்லியம்ஸ், இவங்கல்லாம் ஸ்கோரைப் பாத்துட்டு இதை இப்படிப் பூட்டி வெக்கக் கூடாதுன்னு வற்புறுத்தினாங்க. செப்டம்பர் 7ஆம் தேதி, மைக்கேல் போய் பதினஞ்சு வருஷம் முடிஞ்ச மறுநாள், ஹவல்ஸ் தானே நின்னு கண்டக்ட் பண்ணார். அந்த கதீட்ரலே அவருக்கு சாதாரண இடம் இல்ல. 1910ல அதே செப்டம்பர் 6ஆம் தேதி, அதே கட்டடத்துல, வாகன் வில்லியம்ஸோட டாலிஸ் ஃபேன்டசியாங்கற ஆர்கெஸ்ட்ரா இசை முதல் முதலா வாசிக்கப்பட்டப்போ பதினேழு வயசுப் பையனா ஹவல்ஸ் கூட்டத்துல உக்காந்திருந்தார். கேட்ட கிறுகிறுப்புல தூக்கம் வராம அவரும் நண்பர் ஐவர் கர்னியும் (கவிஞர், இசையமைப்பாளர்) ராத்திரி க்ளாஸ்டர் தெருவுல சுத்திக்கிட்டே இருந்தாங்களாம். இசைக்காரனா அவர் வாழ்க்கை திரும்பின நாளும், இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு பிள்ளை போன நாளும் ஒரே தேதி. அந்த கர்னியும் 1937ல இறந்து ட்விக்வொர்த்லயேதான் அடக்கம் ஆனார்.

சரி, இசைக்கு வரேன். மொத்தம் ஆறு பகுதி. பெரிய ஆர்கெஸ்ட்ரா, ஆர்கன், பெரிய கோரஸ், தனியா ஒரு சொப்ரானோ (பெண்கள்ல உயர்ந்த குரல்) ஒரு டெனர். முதல் பகுதி வெறும் ஆர்கெஸ்ட்ரா, ப்ரெலூடியோ. ரெண்டாவது லத்தீன்ல ரெக்வியெம் எடர்னம், அதாவது அவர்களுக்கு நித்திய இளைப்பாறுதலைத் தாரும், முடிவில்லாத வெளிச்சம் அவர்கள் மேல் பிரகாசிக்கட்டும்ங்கற ஜெபம். மூணாவது பைபிள்ல வர்ற 23ஆம் சங்கீதம், கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார். நாலாவதுல 121ஆம் சங்கீதமும் (எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்) லத்தீன் சாங்டுஸும், பரிசுத்தர் பரிசுத்தர்னு வருமே அது, ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு பின்னி வரும். அஞ்சாவது, பரலோகத்திலிருந்து ஒரு சத்தம் உண்டாகக் கேட்டேன்ங்கற வெளிப்படுத்தின விசேஷம் 14ஆம் அதிகார வசனம், ஆங்கிலிகன், அதாவது இங்கிலாந்து சர்ச்சோட அடக்க ஆராதனையில வர்றது, நம்ம ஊர் சி.எஸ்.ஐ. கல்லறைத் தோட்டத்துலயும் ஐயர் வாசிக்கக் கேட்டிருப்பீங்க. ஆறாவது சால்ஸ்பரி ஜெபப் புத்தகத்துலேர்ந்து எடுத்தது, உண்மையான ஒளி பரிசுத்தமானதுன்னு ஆரம்பிக்கும்.

இந்தப் பட்டியல்ல என்ன இல்லைன்னு பாருங்க. மொசார்ட் வெர்டி மாதிரி இசையமைப்பாளருங்க ரெக்வியெம், அதாவது இறந்தவங்களுக்கான ஆராதனை இசை, எழுதினா அதுல டீஸ் ஈரேன்னு நியாயத்தீர்ப்பு நாள் பாட்டு கண்டிப்பா இருக்கும், கோபாக்கினை, நடுக்கம், எக்காளம் எல்லாம் வரும். ஹவல்ஸ் அதைத் தொடவே இல்ல. ஒன்பது வயசுப் பிள்ளையை அடக்கம் பண்ணினவருக்கு அந்தப் பாட்டு எதுக்கு? தேர்ந்தெடுத்த வார்த்தை எல்லாம் இளைப்பாறுதல், மேய்ப்பன், மலை, ஒளி. அதுலயும் ஒளிதான் முக்கியம், ரெண்டாவது பகுதியில லக்ஸ்னு லத்தீன்ல கேக்கற வெளிச்சம்தான் கடைசிப் பகுதியில உண்மையான ஒளின்னு இங்கிலீஷ்ல வந்து நிக்குது, நடுவுல இருக்கற எல்லாமே அதை நோக்கிப் போற வழி.

இப்ப ஆறுதல்ங்கற விஷயம். நண்பர் ஆறுதலா இருக்கும்னு சொன்னதும் நீங்க மெதுவா, இனிமையா, தாலாட்டு மாதிரி எதிர்பாத்திருப்பீங்க, போட்டவுடனே கேட்டது என்னவோ கனமா அடியிலேர்ந்து தவழ்ந்து வர்ற வயலின் செல்லோ, அப்புறம் காதைப் பொளக்கற அளவுக்கு ஏறுது, அதனாலதான் பிடிபடலை. அந்த ப்ரெலூடியோ ஆறுதல் சொல்லவே முயற்சி பண்ணலை. துக்க வீட்டுக்கு வர்ற சொந்தக்காரங்க இருக்காங்களே, நல்ல மனசோடதான் வருவாங்க, ஆனா வாசப்படி தாண்டறதுக்குள்ள விதி, கொடுத்து வெச்சது அவ்வளவுதான், மத்த பிள்ளையைப் பாத்து மனசைத் தேத்திக்கோன்னு ஆரம்பிச்சுடுவாங்க. உங்க அக்கா இந்த ஒரு வருஷத்துல இதை எத்தனை பேர் வாயால கேட்டிருப்பாங்கன்னு நினைச்சுப் பாருங்க. ஹவல்ஸ் அதைச் செய்யலை. முதல்ல நாலஞ்சு நிமிஷம் வார்த்தையே இல்லாம வலியை மட்டும் அதோட முழு அளவுல வெக்கறார், அதுக்கப்புறம்தான் கோரஸ் வாயைத் திறக்குது.

அப்படித் திறந்த பிறகும் வலி விலகிப் போறதில்ல, இதுதான் இந்தப் படைப்புல எனக்கு ரொம்பப் பெருசாப் படற விஷயம். கர்நாடக சங்கீதம் கேக்கறவர்னு எழுதியிருக்கீங்க, அதனால அந்த வழியாவே சொல்லிப் பாக்கறேன். நமக்கு ஒரு ராகத்துல சாதாரண காந்தாரம் இருந்தா அது சாதாரண காந்தாரம், அந்தர காந்தாரம் இருந்தா அந்தரம், ரெண்டையும் ஒரே கணத்துல ரெண்டு பேர் பாடினா கச்சேரி நின்னு போகும். பதினாறாம் நூற்றாண்டு இங்கிலீஷ் சர்ச் இசையில, டாலிஸ், பர்ட் காலத்துல, அதுதான் ஒரு அழகு. ஒரு குரல் மேல இறங்கி வரும்போது தாழ்ந்த ஸ்வரத்தைத் தொடும், இன்னொரு குரல் கீழ ஏறிப் போகும்போது அதே ஸ்வரத்தோட உயர்ந்த வடிவத்தைத் தொடும், ரெண்டும் ஒரு நொடி உரசும், உடனே தெளிஞ்சுடும். அந்த உரசல் காதுக்கு வலிக்கும், வலிச்ச அதே இடத்துல இனிக்கவும் செய்யும். ஹவல்ஸ் அந்தப் பழைய இசையில ஊறின ஆள், அந்த உரசலை எடுத்து நீட்டி, மேல மேல அடுக்கி, தெளியவே விடாம தள்ளிப் போட்டுக்கிட்டே போவார். கூடவே அவருக்குப் பிடிச்ச இன்னொண்ணு, பிரதி மத்யமமும் கைசிகி நிஷாதமும் சேந்து வர்ற ஸ்வர வரிசை, நம்ம வாசஸ்பதியோட ஸ்வரஸ்தானம் அப்படியே. கமகம் கிடையாது, ராகம்னும் சொல்ல முடியாது, ஆனா அந்த மத்யமம் மேல ஏறும்போது வர்ற ஏக்கம் உங்க காதுக்குப் பழகினதா இருக்கும். இந்த ஏக்கமும் உரசலும் ப்ரெலூடியோவுல துக்கமாக் கேக்குது. அதே பொருள்தான் கடைசிப் பகுதியில ஒளியாவும் கேக்குது. துக்கத்துக்கு ஒரு இசை, ஆறுதலுக்கு வேற ஒரு இசைன்னு அவர் எழுதலை, ஒரே ஸ்வரக் கூட்டத்துல ரெண்டும் இருக்கு.

நாலாவது பகுதியைக் கவனிச்சுக் கேளுங்க, 121ஆம் சங்கீதமும் சாங்டுஸும். சங்கீதம் ஒரு மனுஷன் பேசறது, மலையைப் பாத்து எனக்கு எங்கேர்ந்து உதவி வரும்னு கேக்கறது. சாங்டுஸ் வானத்துல தூதருங்க பாடறது. இதைத் தனித் தனிப் பாட்டா வெக்காம ஒரே நேரத்துல விடறார், கீழேர்ந்து ஒருத்தன் கேட்டுக்கிட்டே இருக்கான், மேல அவங்க பாடிக்கிட்டே இருக்காங்க, கேட்டதுக்கு இதுதான் பதில்னு யாரும் சொல்றதில்ல, ஆனா ரெண்டும் சேந்து ஒரு உச்சத்துக்குப் போகும்போது கூரை திறந்த மாதிரி இருக்கும். அந்த மலைங்க அவருக்குப் புத்தகத்து மலையும் இல்ல, அவர் வளர்ந்தது க்ளாஸ்டர்ஷயர்ல, செவர்ன் ஆத்துப் பக்கத்து மேடுங்களுக்கு நடுவுல, பையனை அடக்கம் பண்ணினதும் அங்கதான்.

அதுக்கு நேர்மாறு அஞ்சாவது பகுதி. டெனர் தனியா ஆரம்பிக்கற அந்த இடம் எனக்கு எப்ப கேட்டாலும் தொண்டையை அடைக்கும். கர்த்தருக்குள் மரிக்கிறவர்கள் பாக்கியவான்கள், அவர்கள் தங்கள் பிரயாசங்களை விட்டொழிந்து இளைப்பாறுவார்கள், அவ்வளவுதான் வாசகம். கல்லறைக்குப் பக்கத்துல மண்ணு போட்டதும் வாசிக்கற வார்த்தை. அவர் இதை ஏறக்குறைய பேசற வேகத்துல, அலங்காரம் இல்லாம விட்டிருக்கார்.

முடிவும் முக்கியம். ஆறாவது பகுதி அல்லேலூயாவோட ஜொலிச்சு உச்சத்துக்குப் போகும், வேற யாராவதா இருந்தா அங்கயே முடிச்சிருப்பாங்க, கைதட்டலுக்குத் தோதான இடம். ஹவல்ஸ் அங்க முடிக்கலை, அந்த வெளிச்சத்துலேர்ந்து திரும்ப இறங்கி வந்து ரெண்டாவது பகுதியோட ரெக்வியெம் இசைக்கே வந்து அடங்கறார். வெளிச்சத்தைப் பாத்தாச்சு, சரி, பிள்ளை இல்லைங்கறது மாறலையே.

இன்னொரு விஷயமும் உங்க அக்காகிட்ட சொல்லலாம்னு எனக்குத் தோணுது. இந்தப் படைப்போட அடிப்படையில பாதி மைக்கேல் சாகறதுக்கு முன்னாடியே எழுதினது. 1932ல ஹவல்ஸ் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் காலேஜ் கொயருக்குன்னு ஆர்கெஸ்ட்ரா இல்லாம வெறும் குரலுக்கு மட்டும் ரெக்வியெம்னு ஒண்ணு எழுதினார், அதை அனுப்பாம வெச்சுட்டார். பையன் போன பிறகு 1936ல எழுதினதுன்னுதான் ரொம்ப நாள் எல்லாரும் நினைச்சிருந்தாங்க, அப்புறம்தான் கையெழுத்துப் பிரதிகளைப் பாத்து ஆராய்ச்சியாளர்கள் அது முந்தியதுன்னு நிறுவினாங்க. அதாவது துக்கம் வந்தப்போ மனுஷன் புதுசா ஒரு தத்துவத்தையோ புது பாஷையையோ தேடிப் போகலை, வீட்டுல இருந்ததை எடுத்தார், ஏற்கனவே தெரிஞ்ச சங்கீதம், ஏற்கனவே போட்ட மெட்டு, அதுக்குள்ள பிள்ளையைக் கொண்டு வந்து வெச்சார். சிலருக்கு இந்த விவரம் கதையோட உருக்கத்தைக் குறைக்கிற மாதிரி இருக்கு, எனக்கு நேர் எதிர். துக்கத்துல யாருக்குமே புது வார்த்தை கிடைக்கறதில்ல, நம்ம ஊர்ல ஒப்பாரி வெக்கற பாட்டிகளும் வழிவழியா வந்த அடியைத்தான் எடுத்துத் தன் பிள்ளை பேரை உள்ள வெச்சுப் பாடுவாங்க.

அவருக்கு இது எழுதி ஆறிச்சான்னு கேட்டா, இல்ல. எழுதினதும் மனசு லேசாகி அடுத்த வேலையைப் பாத்தார்னு வாழ்க்கை வரலாறு படிச்சா தெரியாது, வருஷக்கணக்கா டைரியில மைக்கேலைப் பத்தி எழுதிக்கிட்டே இருந்தார், ட்விக்வொர்த் கல்லறைக்குப் போய்க்கிட்டே இருந்தார். 1938ல முடிச்ச ஸ்ட்ரிங் ஆர்கெஸ்ட்ரா கான்சர்ட்டோவோட மெதுவான பகுதி இசையமைப்பாளர் எல்கருக்கும் மைக்கேலுக்கும் நினைவா எழுதினது. செல்லோ கான்சர்ட்டோ ஒண்ணு மைக்கேல் நினைவோட பின்னிக்கிட்டு கடைசி வரைக்கும் முடிக்க முடியாமலே நின்னு போச்சு. அறுபதுகள்ல ஸ்டாபாட் மாட்டர் எழுதினார், மகனோட சாவைப் பாத்து நிக்கற தாயோட பாட்டு. ஹிம்னஸ் ஸ்கோர் முகப்புல ப்ருடென்ஷியஸ்ங்கற நாலாம் நூற்றாண்டு லத்தீன் கவிஞரோட வரி ஒண்ணு இருக்கு, பூமியே இவனை ஏந்திக் காப்பாத்துன்னு. அந்தக் கவிதை அவரை விடவே இல்ல, 1964ல கென்னடி நினைவு நாளுக்காக வாஷிங்டன்ல பாட ஒரு பாட்டு கேட்டப்போ அதையேதான் ஹெலன் வாடெல் மொழிபெயர்ப்புல எடுத்து இசையமைச்சார், டேக் ஹிம் எர்த் ஃபார் செரிஷிங்னு பேரு. சுட்டுக் கொல்லப்பட்ட ஜனாதிபதிக்காகக் கேட்டதுக்கு, இருபத்தொம்பது வருஷம் முன்ன மண்ணுல வெச்ச பிள்ளைக்காக மனசுல இருந்த வரிதான் வந்திருக்கு.

அதனால அக்காகிட்ட இதைக் கேட்டா மனசு ஆறிடும்னு சொல்லிக் குடுக்காதீங்க. ஒரு வருஷம்தான் ஆகுதுங்கறீங்க, அது ஒண்ணுமே இல்ல. உன்னை மாதிரி ஒருத்தர் இருந்தார், அவருக்கும் ஆறலை, ஆனா அவர் இதைச் செஞ்சார், அப்படின்னு சொல்லிக் குடுங்க. வேண்டாம்னு சொன்னா விட்டுடுங்க, வற்புறுத்தவே வற்புறுத்தாதீங்க.

எதுலேர்ந்து ஆரம்பிக்கறதுன்னா, நான் ஹிம்னஸ்லேர்ந்து ஆரம்பிக்கச் சொல்ல மாட்டேன். முதல்ல அந்த 1932 ரெக்வியெம். இருபது நிமிஷம்தான், வெறும் குரல், அமைதியா இருக்கும், அதுல 23ஆம் சங்கீதம் மட்டும் தனியாக் கேட்டாலும் போதும், வார்த்தை தெரிஞ்சதாலயே கூடப் போக முடியும் (அக்கா கிறிஸ்தவங்க இல்லைன்னா தமிழ் பைபிள்ல அந்த ஆறு வசனத்தை முன்னாடியே படிச்சுக் காட்டுங்க, மரண இருளின் பள்ளத்தாக்கிலே நடந்தாலும்னு வர்ற இடத்துக்கு மதம் ஒரு தடையா இருக்காது). அது ஒட்டிச்சுன்னா டேக் ஹிம் எர்த். அதுக்கப்புறம் எப்பவாவது அவங்களே கேட்டா ஹிம்னஸ், அதுவும் ப்ரெலூடியோவை விட்டுட்டு வேணாம், அதைத் தாண்டித்தான் போகணும், ஆனா தனியா ஹெட்போன் மாட்டிக்கிட்டுக் கேக்கறதை விட நீங்க யாராவது பக்கத்துல இருக்கறப்போ ஸ்பீக்கர்ல கேக்கறது நல்லது, சத்தம் திடீர்னு ஏறி இறங்கற இசை, போன் ஸ்பீக்கர்ல மெதுவான இடம் ஒண்ணுமே கேக்காது, பலமான இடம் கரகரன்னு இரைச்சலாப் போகும். நீங்க முதல் தடவை பிடிபடலைன்னதுக்கு அதுவும் காரணமா இருக்கலாம்.

ரெக்கார்டிங்ல எனக்குப் பிடிச்சது கண்டக்டர் வெர்னன் ஹேண்ட்லி லிவர்பூல் பில்ஹார்மானிக் ஆர்கெஸ்ட்ராவோட பண்ணினது, ஹைபீரியன் கம்பெனி வெளியீடு, கோரஸ் தெளிவா இருக்கும், உள்குரல் எல்லாம் காதுல விழும். டேவிட் வில்காக்ஸ் கிங்ஸ் காலேஜ் கொயரையும் பாக் கொயரையும் வெச்சுப் பண்ணின பழைய பதிவு ஒண்ணு இருக்கு, அதுல ஹெதர் ஹார்ப்பரும் ராபர்ட் டியரும் பாடறாங்க, உணர்ச்சிக்கு அதுதான்னு சொல்றவங்க நிறைய, அஞ்சாவது பகுதியில டியர் பாடறதுக்காகவே நானும் அதை அடிக்கடி போடுவேன். ரெண்டுல உங்க நண்பர் அனுப்பினது எதுன்னு பாத்துக்கோங்க, வேற ஏதாவதா இருந்தாலும் பரவாயில்ல, முதல் தடவைக்கு ஹேண்ட்லியே போடுங்க.